கையை ஒடுக்கி ஓடிய மகனுக்கு

கண்ணு, பெட்டியைத் திறந்ததும் ஷூவைக் காணோமே என்று வீடெல்லாம் தேடாதே. நான்தான் எடுத்து என் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது. பெட்டிக்குள் ஷூவுக்குப் பதிலாக இந்தக் கடிதமும், அதற்கு அடியில் மடித்து வைத்த ஒரு நீலத் துணியும் இருக்கும். துணியை இப்போது பிரிக்காதே. முதலில் படி. உன் அம்மா இத்தனை நீளமாக எழுதுவாள் என்று உனக்குத் தெரியாது. எனக்குமே தெரியாது. போனில் சொன்னால் "சரிங்ம்மா" என்று முடித்துவிடுவாய். நேரில் சொன்னால் தலையை ஆட்டிக்கொண்டே பைக்கை எடுத்துவிடுவாய். காகிதத்துக்கு முன்னால் அந்த வித்தையெல்லாம் பலிக்காது. இதை உறையில் போட்டு ஒட்டவும் இல்லை. உன் அப்பா படிக்கட்டும், நீ கட்டிக்கொள்ளப் போகிற நித்யா படிக்கட்டும், தெருவில் போகிற யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கட்டும். நான் இத்தனை நாள் மூடி வைத்ததே போதும்.

போன வியாழக்கிழமை காலையில் நீ வேலைக்குக் கிளம்பும்போது இடது குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாய். "என்ன சாமி அது?" என்றேன். "ஒண்ணுமில்லீங்ம்மா" என்றாய். நீ தெருமுனை தாண்டியதும் உன் அலமாரியைத் திறந்து பார்த்தேன். வளர்ந்த பிள்ளையின் பொருளை நோண்டுவது தப்புதான், அதற்காக என்னைத் திட்டிக்கொள். நித்யா உனக்குக் கல்யாண வரவேற்புக்கென்று வாங்கித் தந்த கறுப்பு ஷூ இந்தப் பெட்டியில் இருந்தது. அடியில் எண் பார்த்தேன், எட்டு. உன் கால் ஒன்பது என்று பெற்றவளுக்குத் தெரியாதா? குதிகால் படும் இடத்தில் தோல் சுருங்கி, உள்பக்கம் லேசாகக் கறை பட்டிருந்தது. வீட்டில் யாரும் இல்லாத நேரம் போட்டுப் போட்டு நடந்து பழக்கிவிடலாம் என்று பார்க்கிறாய். கட்டிக்கொள்ளப் போகிறவள் ஆசையாக வாங்கித் தந்ததை மாற்றச் சொன்னால் அவள் மனசு வாடிப்போகும் என்று நீ உன் காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாய்.

அன்று சாயங்காலமே நித்யா எனக்குப் போன் செய்தாள். கல்யாணப் பத்திரிகை விஷயமாக ஏதோ கேட்டுவிட்டு, வைக்காமல் தயங்கினாள். "ஏனுங்கத்த, ஒண்ணு கேக்கோணுமுங்க. இவரு எதைக் காட்டுனாலும் நல்லாயிருக்குதுங்கறாருங்க. பொடவை நல்லாயிருக்குது, மண்டபம் நல்லாயிருக்குது, சாப்பாட்டு லிஸ்ட்டும் நல்லாயிருக்குது. புடிக்கலைன்னு இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை வரலீங்க. எனக்குப் பயமா இருக்குதுங்கத்த" என்றாள். "பயமா? நல்ல பையன்னு சந்தோசப்படு சாமி" என்று நான் சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை. "நெசமாலுமே புடிச்சிருக்குதான்னு நான் எப்படிங்க கண்டுபிடிக்கறது?" என்றாள். தாராபுரத்தில் உட்கார்ந்துகொண்டு, உன்னை ஆறு மாதம் பார்த்த பெண், நான் இருபத்தேழு வருஷமாகக் கேட்காத கேள்வியைக் கேட்டுவிட்டாள். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று பொய் சொல்லிப் போனை வைத்தேன். அப்போதுதான் இதை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. உன்னைப் போல ஒரு பிள்ளை எனக்குக் கிடைத்ததற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல்தான் எல்லாக் கோயிலிலும் ஒரு கும்பிடு போடுகிறேன். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் அவசரத்தில் தயிர்சாதத்தில் உப்புக்குப் பதிலாகச் சர்க்கரையைப் போட்டுப் பிசைந்துவிட்டேன். மத்தியானம் கம்பெனியில் என் டப்பாவைத் திறந்து ஒரு வாய் வைத்ததும் துப்பினேன். அய்யோ, பிள்ளை பட்டினி கிடப்பானே என்று வேலையே ஓடவில்லை. நீ சாயங்காலம் காலி டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தாய். "சாப்புட்டயா கண்ணு?" என்றேன். "சாப்புட்டேனுங்ம்மா." "எப்படி இருந்துச்சு?" "இனிப்பா இருந்துச்சுங்ம்மா" என்றாய். முகத்தில் ஒரு குறும்பும் இல்லை, ஒரு குறையும் இல்லை. இதை நம் நல்லூர்த் தெருவில் நான் சொல்லிப் பெருமையடிக்காத வீடு கிடையாது. அன்றைக்கே உன் காதைத் திருகி, "நல்லா இல்லீன்னா நல்லா இல்லீன்னு சொல்லோணும்டா" என்று சொல்லியிருக்க வேண்டியவள், உன்னைத் தூக்கிக் கொஞ்சினேன். அங்கே ஆரம்பித்தது.

இனி பதினோரு வருஷத்துக்கு முந்தைய மார்கழிக்கு வருகிறேன். நீ பதினோராம் வகுப்பு. கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில் உன்னைச் சேர்த்திருக்கிறார்கள் என்று வந்து சொன்னாய். மைதானத்தில் வட்டமடிப்பது இல்லை, காடு மேடு, ஓடை, இரண்டு வேலிக்கு நடுவில் போகும் இட்டேரி என்று ஆறு கிலோமீட்டர் ஓடவேண்டும் என்றாய். "காட்டுல ஓடறதுக்கு எதுக்குடா பள்ளிக்கூடம்? குண்டடத்துக்குப் போயி உன்ற மாமனுக்கு ஆடு முடுக்கு" என்று கிண்டல் செய்தேன். பிறகுதான் உங்கள் பி.டி. வாத்தியார் எனக்கு விளக்கினார். முதல் இரண்டு இடம் பிடிக்கும் பள்ளிகள் மாநிலப் போட்டிக்குப் போகும். போனால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் இடம். உன் மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு வேறு வழியில் உள்ளே போவது கடினம் என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அன்றிலிருந்து கிண்டலை நிறுத்திவிட்டு, காலையில் உனக்கு இரண்டு முட்டை அவித்துப் போட ஆரம்பித்தேன்.

ஆறு பேர் கொண்ட அணிக்கு நீ ஆறாவது ஆளாகத்தான் சேர்ந்தாய். பள்ளியில் நீலப் பனியன் ஐந்துதான் இருந்தது. "உனக்கு மட்டும் வெளிய வாங்கிக்கலாம்" என்று வாத்தியார் சொன்னதாக நீ சொன்னபோது எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. திருப்பூரில் இருந்துகொண்டு, பதினாறு வருஷம் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவளின் மகனுக்கு, கடையில் பனியன் வாங்குவதா? காண்ட்ராக்டரிடம் கேட்டு, ஒரு ஆர்டரில் மிஞ்சிய நீலத் துணியில் ஒன்றரை மீட்டர் வாங்கினேன். நல்ல காட்டன். நானே வெட்டி நானே தைப்பது என்று முடிவு கட்டினேன். இங்கேதான் செல்வி சித்தி வருகிறாள். அவளும் நானும் அப்போது நான்கு மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தோம் என்பது உனக்குத் தெரியாது.

கம்பெனியில் எங்கள் தையல் லைனில் பக்கவாட்டுத் துணி இரண்டையும் சேர்த்து ஓவர்லாக் அடிப்பது என் வேலை. அது முடிந்ததும் கட்டு, பக்கத்தில் இருக்கும் செல்வியிடம் போகும். அவள் பேட்லாக் மிஷினில் அடிமடிப்பு ஓட்டுவாள். பேட்லாக் தையல் துணியோடு துணியாகப் படுத்துக்கொள்ளும், கைக்குத் தட்டாது. ஓவர்லாக் மடிப்பு உள்பக்கம் வரப்பு மாதிரி எழுந்து நிற்கும். அந்த வருஷம் ஆடியில் ஒரு நாள், அவள் ஊசி வரிசையாக ஒடிந்தது. "அக்கா, ஒங்க மடிப்பு ரொம்ப மொத்தமா இருக்குக்கா. மிஷின் ஏற மாட்டேங்குது" என்றாள், எல்லார் காதிலும் விழும்படி. தேனிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள், எனக்குத் தையல் சொல்லித் தருகிறாளா என்று நான் எகிறினேன். "என்ற தையல் பிரிஞ்சு இன்னைக்கு வரைக்கும் ஒரு பீஸ் திரும்பி வந்ததில்ல, தெரிஞ்சுக்கோ" என்றேன். காண்ட்ராக்டர் வந்து பார்த்துவிட்டு, அவள் சொல்வதுதான் சரி என்று நாற்பது பீஸைப் பிரித்துத் தைக்கச் சொன்னார். எல்லாரும் டீ குடிக்கப் போன நேரத்தில் நான் மட்டும் உட்கார்ந்து நூல் பிரித்தேன். அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினேன். ஒரு கை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நான்கு மாதம் முகம் பார்க்காமல் இருப்பது லேசான வேலை இல்லை. நான் அதைத் திறமையாகச் செய்தேன்.

உன் பனியனைச் சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தைத்தேன். பக்கத்து மிஷினில் செல்வி தூக்குப் போசியைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் மிஷினில் அன்றைக்கென்று நீல நூல்தான் ஏற்றியிருந்தது. கடைசியில் அவளாகவே வாயைத் திறந்தாள். "அக்கா, அது தம்பி ஓடுறதுக்கா? அப்ப அந்த மடிப்பு மேல பேட்லாக்குல ஒரு ஓட்டு ஓட்டிரவா? அமுங்கிக்கிரும்" என்றாள். சோற்றுக் கையை அதற்குள் கழுவியும்விட்டாள். நான் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "வேண்டாம். எனக்குத் தைக்கத் தெரியும்" என்றேன். அத்தோடு விட்டேனா? இவள் முன்னால் என் தையல் எத்தனை உறுதி என்று காட்டவேண்டும் என்று, அக்குள் முனையில் திருப்பி இரண்டாவது தரமும் ஓட்டினேன். வலது பக்கம் மூன்றாவது தரமும். பிடித்து இழுத்துப் பார்த்தேன். யானையைக் கட்டி இழுத்தாலும் பிரியாது. வீட்டுக்கு வந்து உனக்குப் போட்டுப் பார்த்தேன். கையைத் தூக்கினாய், இறக்கினாய். "எப்படிச் சாமி இருக்குது?" என்றேன். "சூப்பருங்ம்மா" என்றாய்.

மறுநாள் ஞாயிறு. உன் அப்பா லாரியில் தூத்துக்குடிக்கு லோடு ஏற்றிப் போயிருந்தார். நாம் இருவரும் காலையில் முதல் பஸ் பிடித்து அவிநாசிபாளையத்தில் இறங்கினோம். பனி இறங்கி, எதிரில் வருகிற ஆள் தெரியவில்லை. ஓட்டம் தொடங்கும்போதுதான் விலகியது. சோளத்தட்டு அறுத்த காடுகளைச் சுற்றிக் கொடி நட்டு, வழி போட்டிருந்தார்கள். மூன்று கிலோமீட்டர் கொண்ட சுற்று, இரண்டு தடவை. நூறு பையன்களுக்குக் குறையாது. நான் இட்டேரி முடிந்து காட்டுக்குள் திரும்பும் முனையில், வேலிக்குப் பக்கத்தில் இடம் பிடித்தேன். விசில் ஊதியதும் அந்தக் கூட்டம் கிளம்பிய சத்தத்தில் தரையே அதிர்ந்தது. முதல் சுற்றில் நீ என்னைக் கடக்கும்போது உனக்கு முன்னால் முப்பது பேராவது போய்விட்டார்கள். அதைவிட எனக்கு எரிச்சல் எது தெரியுமா? நீ வலது கையை உடம்பில் ஒட்டாமல், முழங்கையை வெளியே தூக்கி வைத்துக்கொண்டு ஓடினாய். பக்கத்தில் நின்ற ஒரு பொம்பளை, "அந்தப் பையன் ஏன் அப்படி ஓடறான்?" என்று சிரித்தாள். எனக்கு மானம் போயிற்று. என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். கத்தினேன். "கைய ஒடுக்கு கண்ணு! கோழி றெக்கையாட்டம் விரிச்சுட்டு ஓடாதே! கைய ஒடுக்கிட்டு ஓடு!"

நூறு பேர் காலடிச் சத்தம், விசில், ஒவ்வொரு வாத்தியாரும் தன் பிள்ளை பேரைச் சொல்லிப் போடும் கூச்சல். இத்தனைக்கும் நடுவில் நீ என் குரலைத் தனியாகக் கேட்டாய். ஒரே ஒரு நொடி திரும்பிப் பார்த்தாய். பிறகு வலது கையை இழுத்து விலாவோடு ஒட்டிக்கொண்டாய். இரண்டாவது சுற்றிலும் அப்படியே வந்தாய். கை உடம்பை விட்டு இம்மிகூட நகரவில்லை. முகம் வெளுத்து, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாய். ஓடினால் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். எனக்கு எதிரே இருந்த நீண்ட மேட்டில் நீ ஒவ்வொருத்தராகத் தாண்டிப் போனதைப் பார்த்ததும் எனக்கு ஒரே கர்வம். சிரித்த பொம்பளையிடம், "நாஞ் சொன்னதும் கேட்டுட்டாம் பாருங்க. கைய ஒடுக்குனதும் எப்படிப் போறான்!" என்றேன். கண்ணு, இந்த வாக்கியத்தை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

நீ பத்தொன்பதாவதாக வந்தாய். எண் எழுதிய அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, சட்டையைப் பனியனுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தாய். நான் என்ன சொன்னேன்? "நல்லா ஓடினே" என்று சொன்னேனா? "பத்தொம்பதா? இதுக்கா விடிஞ்சும் விடியாம எந்திரிச்சு ஓடியாந்தோம்?" என்றேன். உன் கூட்டாளிகள் அத்தனை பேரும் நின்றார்கள். நீ கீழே குனிந்து கேன்வாஸ் ஷூவின் முடிச்சை அவிழ்த்தாய். வாத்தியார்தான் ஓடி வந்தார். "ஏனுங்க, பையனை என்னத்துக்குங்க வையறீங்க? இது தனியாள் கணக்கு இல்லீங்க. நம்ம பள்ளிக்கூடத்துல முதல்ல வர்ற நாலு பேரோட எடத்தைக் கூட்டுவாங்க. எது கொறச்சலோ அந்தப் பள்ளிக்கூடம் செயிக்கும். ஒருத்தன் காலு பெரண்டு உக்காந்துட்டான், இன்னொருத்தன் அறுபதுக்கு அந்தப் பக்கம். உங்க பையன்தானுங்க நாலாவது ஆளு" என்றார். உங்கள் பள்ளி இரண்டாவது. மூன்றாவது வந்த பள்ளிக்கும் உங்களுக்கும் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். நீ யாரோ இரண்டு பேரைத் தாண்டாமல் விட்டிருந்தால் ஆறு பேருக்கும் மாநிலப் போட்டி இல்லை, சான்றிதழ் இல்லை. லைனில் ஒரு ஆள் பின்தங்கினால் எல்லார் பீஸும் நிற்கும் என்று பதினாறு வருஷமாகப் பார்த்தவளுக்கு, அது அந்தக் காட்டில் உறைக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. நீ இடது கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அதைப் பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நீ நேராகப் பின்பக்கம் போனாய். "பனியனைப் போடு சாமி, நான் அலசறேன்" என்றேன். "நானே அலசிக்கறேனுங்ம்மா" என்றாய். பிறந்ததிலிருந்து ஒரு கைக்குட்டை அலசாத ஆள்! சரி, பெரியவனாகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு அடுப்பு வேலை பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து அரிசி கழுவிய தண்ணீரைக் கொட்டப் பின்பக்கம் வந்தேன். வாளியில் பனியன் ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீர் சிவந்து இருந்தது. சாயம் போகிறது என்றுதான் முதலில் எண்ணினேன், திருப்பூர்க்காரிக்கு வேறென்ன தோன்றும்? அப்புறம்தான் உறைத்தது. நீலத் துணியிலிருந்து சிவப்புச் சாயம் எப்படிப் போகும்?

பனியனைத் தூக்கிப் பார்த்தேன். வலது அக்குள், நான் மூன்று தரம் ஓட்டிய அந்த முனை. நிமிர்ந்தால், குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. நீ கண்ணாடி முன் கையைத் தூக்கிக்கொண்டு, தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாய். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து சதை தெரிந்தது. நீ கையை வெளியே தூக்கிக்கொண்டு ஓடியது ஏன் என்று அப்போது தெரிந்தது. நான் ஒடுக்கச் சொன்னதும் நீ ஒடுக்கியதும் தெரிந்தது. மூன்று கிலோமீட்டர், கண்ணு. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு தரம் அந்த மடிப்பு உன்னை அறுத்திருக்கும்.

நான் உள்ளே வந்திருக்கவேண்டும். பத்தடிதான். வரவில்லை. சத்தமில்லாமல் பனியனை மறுபடியும் வாளிக்குள் விட்டுவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனேன். தையலில் செய்தது தெரியாமல் செய்த தப்பு. திரும்பிப் போனது தெரிந்தே செய்த தப்பு. உள்ளே வந்தால் மன்னிப்புக் கேட்கவேண்டும். எல்லார் முன்னாலும் உன்னை வைத வாய்க்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. மத்தியானம் உனக்குக் கறிக்குழம்பு ஊற்றினேன். எனக்கென்று வைத்திருந்த இரண்டு துண்டையும் உன் தட்டிலேயே போட்டேன். முழங்கையை வெளியே தள்ளி வைத்துக்கொண்டு சாப்பிட்டாய். "நல்லா இருக்குதுங்ம்மா" என்றாய். நான் சோறு போடுவதுபோல் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது என்று நீயும், எனக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாது என்று நானும், அன்றிலிருந்து ஒரே வீட்டில் பதினோரு வருஷம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

மறுநாள் காலை, நீ அலசிக் காயப்போட்டிருந்த பனியனைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். செல்வியின் மிஷின் மேல் அதை வைத்தேன். நான்கு மாதத்துக்குப் பிறகு என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "நீ சொன்னது நெசந்தான்" என்பது. அவள் உள்பக்கத்தைத் திருப்பி மடிப்பின் மேல் விரலை ஓட்டினாள். கறை படிந்த இடத்தில் விரல் நின்றது. "இதப் போட்டுக்கிட்டா ஆறு கிலோமீட்டர் ஓடுனான்?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அவள் ஜெயித்துவிட்டதாக ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை, கண்ணு. அதை மட்டும் நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "ஏக்கா, என் மேல உள்ள கோவத்துல பிள்ளயப் போட்டு இப்பிடி அறுத்துட்டீங்களேக்கா. வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா போயிருவீங்க?" என்று அழுதாள். நானும் அழுதேன். மிச்சத் துணியில் அன்றைக்கே வேறொரு பனியன் வெட்டினோம். நான் ஒரே ஒரு ஓட்டு ஓட்டினேன், அதன் மேல் அவள் பேட்லாக் ஓட்டினாள். மடிப்பு எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடித் தடவினால் தெரியாது. மாநிலப் போட்டிக்கு நீ போட்டுக்கொண்டு போனது அந்தப் பனியன்தான். பழையது சாயம் போய்விட்டது என்று சொல்லித் தந்தேன், நீயும் சரிங்ம்மா என்று வாங்கிக்கொண்டாய். அங்கே எத்தனையாவது வந்தாய் என்று நான் கேட்கவே இல்லை. புத்தி வந்துவிட்டது.

அந்தச் சான்றிதழில் நீ கல்லூரிக்குப் போனாய். இன்றைக்குப் பெரிய கம்பெனியில் கியூ.சி. கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு ஊரார் தைத்ததையெல்லாம் திருப்பிப் பார்த்து, மடிப்பு மொத்தம், இது தேறாது என்று தூக்கிப் போடுகிறாயாம். செல்வி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். "அம்மா தையல மட்டும் பாஸ் பண்ணி விட்டுட்டான்" என்கிறாள். உன் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை அவளுக்குத்தான் வைத்தேன் என்றதும் நம் சொந்தத்தில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும். பதினோரு வருஷமாக எனக்குத் தங்கச்சி இல்லாத குறையைத் தீர்த்தவள் அவள். அவளை எனக்கு வாங்கித் தந்தவன் நீ. உன் தோலைக் கொடுத்து வாங்கித் தந்தாய்.

இதற்கெல்லாம் உனக்கு நன்றி சொல்லவேண்டும். சர்க்கரை போட்ட தயிர்சாதத்தைத் தின்றதற்கு நன்றி. அத்தனை சத்தத்தில் என் குரலைக் கேட்டதற்கு நன்றி. கேட்டதும் மறுபேச்சில்லாமல் கையை ஒடுக்கியதற்கு, அது வலிக்கும் என்று தெரிந்தே ஒடுக்கியதற்கு, நன்றி என்று சொன்னால் என் நாக்கு கூசுகிறது, ஆனாலும் நன்றி. வீட்டுக்கு வந்து என் மூஞ்சியில் பனியனை விட்டெறியாமல், நீயே அலசினாயே, அதற்கும். உன்னை நினைத்து நான் மனசு நிறைந்து போகாத நாள் கிடையாது.

ஆனால் சாமி, இதைக் கல்யாணத்துக்கு எடுத்துக்கொண்டு போகாதே. இதை என்னோடு விட்டுவிட்டுப் போ. அம்மாவிடம் செய்தால் அது பாசம் என்று எண்ணி நான் கொஞ்சினேன். பெண்டாட்டியிடம் செய்தால் அவள் இருட்டில் தடவிக்கொண்டு நிற்பாள். எது உனக்குக் கடிக்கிறது, எது இதமாக இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்திருந்தால் நான் ஒடுக்கச் சொல்லியிருப்பேனா? பனியனைப் போட்டுப் பார்த்த அன்று நீ "அக்குள்ல உறுத்துதுங்ம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் முதலில் எகிறியிருப்பேன், நிச்சயமாக எகிறியிருப்பேன். அப்புறம் பிரித்துத் தைத்திருப்பேன். எகிறுகிறவர்களுக்குப் பயப்படாதே. உன் அப்பாவும் நானும் இருபத்தொன்பது வருஷமாகக் கத்திக்கொண்டுதான் குடும்பம் நடத்துகிறோம். அவருக்கு என் ரசம் பிடிக்காது என்பது இந்தத் தெருவுக்கே தெரியும். அதனால்தான் அவர் நன்றாக இருக்கிறது என்று எதையாவது சொன்னால் எனக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவாது. நீ சொல்லும் "நல்லாயிருக்குது"வுக்கு அந்த மதிப்பு வரவேண்டும். நித்யா கேட்பதும் அதைத்தான்.

இப்போது அந்த நீலத் துணியைப் பிரித்துக்கொள். அதே பனியன்தான். வலது பக்க அக்குளைத் திருப்பிப் பார். உப்புப் போட்டு அலசினேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், பழுப்பாக ஒரு கறை மட்டும் போகவில்லை. மூன்று தரம் ஓட்டிய தையலும் பிரியவில்லை, அந்த மட்டில் நான் சொன்னது சரிதான். இதை இத்தனை வருஷம் என் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்திருந்தேன்.

பார்த்துவிட்டாயா? சரி. முதலில் நித்யாவுக்குப் போன் போடு. "ஷூ கடிக்குது, ஒன்பதாம் நம்பர்தான் சரியா இருக்கும்" என்று சொல். அவள் வருத்தப்பட்டால் பட்டுக்கொள்ளட்டும், செத்துப்போய்விட மாட்டாள். இரண்டு பேருமாகப் போய் மாற்றிக்கொள்ளுங்கள், அப்போது சாவி தருகிறேன். போனை வைத்துவிட்டு அடுப்படிக்கு வா. நான் அங்கேதான் நிற்பேன், எதையாவது நறுக்குவதுபோல் பாவனை செய்துகொண்டு. ஒன்றும் பேசவேண்டாம். "அம்மா, அன்னைக்கு வலிச்சுதுங்ம்மா" என்று ஒரே ஒரு தடவை சொல்.

இந்தத் தடவை நான் திரும்பிப் போகமாட்டேன்.